ஆள் குறைந்தாலும் கேம்பெய்ன் நிற்காமல் ஓட: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆறு மணிக்கு ஆட்டம். ஐந்தரைக்குக் குழுவில் ஒரு செய்தி விழும்: "சாரி, இன்னைக்கு முடியாது." இரண்டு நிமிடம் மௌனம். அப்புறம் இன்னொருவர், "அப்ப அடுத்த வாரம் வச்சுக்கலாமா?" என்று கேட்பார். மூன்று பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அன்றைய செஷன் அத்தோடு போயிற்று.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ரோல்ப்ளே ஆட்டங்களில் நான் பெரும்பாலும் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நாற்காலியில்தான் இருந்திருக்கிறேன். பல செஷன்களுக்கு நீளும் ஒரே கதைக்குக் கேம்பெய்ன் என்று பெயர். பாதியில் நின்றுபோன என் கேம்பெய்ன்கள் கணிசம். வெகுநாள் வரைக்கும் "ஆளுங்க வரல, என்ன பண்றது" என்று சொல்லித் திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஆள் வராமல் போவது எல்லாக் குழுவிலும் நடக்கிறது. போன செஷனை எந்த இடத்தில் நிறுத்திவைத்தோம் என்பதில்தான் ஒரு குழு தப்பிக்கிறது, இன்னொன்று சிக்கிக்கொள்கிறது.

கீழே உங்கள் குழுவுக்குப் பொருந்துகிற அறிகுறியைத் தேடிப்பிடித்து அங்கிருந்து படிக்கலாம். இரண்டாவதை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். மற்ற சிக்கல்களில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி 1: ஒருவர் வரவில்லை என்றாலே செஷன் ரத்தாகிறது

"எல்லோரும் வந்தால்தான் ஆட்டம்" என்று உங்கள் குழுவில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் விதி அதுதான். அந்த விதியை ஒரு கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஐந்து ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவரும் நூற்றுக்கு 85 செஷன் தவறாமல் வருகிறவர். ஒருவர் வராததற்கும் இன்னொருவர் வராததற்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரும் ஒரே நாளில் கூடும் வாய்ப்பு 44 சதவீதம்தான். எல்லோரும் இன்னும் ஒழுங்காகி 90 ஆனாலும் 59 சதவீதம். "ஆள் குறையுது, இன்னொருத்தரைச் சேர்ப்போம்" என்று ஆறாவது ஆளைக் கூட்டிவந்தால், 85 கணக்கில் அது 38-க்கு இறங்கிவிடும். எல்லோரும் வரவேண்டும் என்கிற வரை, ஆளைக் கூட்டக் கூட நிலைமை மோசமாகும்.

விதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே ஐந்து பேர், அதே 85. "மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு" என்றால் ஆட்டம் நடக்கும் வாய்ப்பு 97 சதவீதம்.

ஆகவே முதலில் எண்ணை முடிவுசெய்யுங்கள். ஐந்து பேர் குழுவுக்கு மூன்று, நான்கு பேர் குழுவுக்கும் மூன்று, ஆறு பேருக்கு நான்கு என்று நான் வைத்துக்கொள்கிறேன். கிழமையும் நேரமும் நிலையாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் "யாருக்கு எப்ப வசதி?" என்று கேட்டால் அதற்குப் பதில் வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். வருகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். வரமாட்டேன் என்றால் மட்டும் முந்தைய நாள் இரவுக்குள் சொன்னால் போதும்.

முதல் தடவை மூன்று பேரோடு ஆடும்போது கேம் மாஸ்டருக்குத்தான் மனசு உறுத்தும், வராதவரை விட்டுவிட்டு ஆடுகிறோமே என்று. நான் பார்த்தவரை வராதவருக்கு அது நிம்மதி. தன்னால் நான்கு பேருடைய மாலை கெட்டுப்போகவில்லை அல்லவா. முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் வருத்தமும் இருக்காது. பேசாமல் திடீரென்று ஆடினால்தான் வம்பு.

அறிகுறி 2: நடுச் சண்டையில் நிறுத்தினோம், இன்று அந்த ஆள் இல்லை

எங்கள் மேசையில் நடந்தது இது. அதல பாதாளத்தின் மேல் ஒரு கயிற்றுப் பாலம். இந்தக் கரையில் முளை பெயர்ந்துவிட, திருட்டுக் கலையில் தேர்ந்த ரோக் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கிறான். பாலத்தின் நடுவில் காயம் ஆற்றும் பூசாரியான கிளெரிக்கும் மந்திரவாதியான விசார்டும். அந்தக் கரையில் இரண்டு கோப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள், கத்தியை வைத்து அறுத்துக்கொண்டிருக்கின்றன. மணி பத்தரை. "மீதி அடுத்த வாரம்" என்று சொல்லி நோட்டை மூடினேன். மேசையே கத்தியது. எனக்கு ஏகப் பெருமை.

அடுத்த வாரம் ரோக்கை ஆடுகிறவர் வரவில்லை. அவர் இல்லாமல் எப்படி என்று தள்ளிவைத்தோம். அதற்கடுத்த வாரம் அவர் வந்தார், விசார்ட் வரவில்லை. மறுபடி தள்ளிவைத்தோம். கோப்ளின்கள் அந்தக் கயிற்றை மூன்று மாதம் அறுத்தன.

நீங்கள் இப்போது இப்படி மாட்டியிருந்தால், இன்றைக்கே செய்யக்கூடியது இரண்டு. முதலாவது, அந்தக் காட்சி முடியும்வரை மட்டும் வராதவரின் பாத்திரத்தை இன்னொரு ஆட்டக்காரர் நடத்தட்டும். காட்சி முடிந்ததும் அந்தப் பாத்திரம் ஓரமாகப் போய்விடும். இரண்டாவது, காட்சியை ஒரே மூச்சில் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது. ஆனால் இலவசமாக முடிக்காதீர்கள், ஒரு விலை வையுங்கள். "பாலம் அறுந்தது. எல்லோரும் எப்படியோ இந்தக் கரை வந்து சேர்ந்தீர்கள். ஒரு மூட்டை மட்டும் பள்ளத்தில் போய்விட்டது. எந்த மூட்டை?" விலையை ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுப்பதால், ஏமாற்றிவிட்டதாக யாருக்கும் தோன்றாது. அன்றைக்கு எனக்கு இது தோன்றியிருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

இனி இது வராமலிருக்க ஒரே வழி, செஷனை வாசலில் முடிப்பது. அதாவது ஆட்களில் யாரும் வெளியே போகலாம், யாரும் உள்ளே வரலாம் என்கிற இடத்தில்: முகாம், ஊர் நுழைவு, கப்பல் புறப்படும் துறை, கூலி வாங்கிய பிறகான விடுதி. ஆட்டம் முடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஒருமுறை கடிகாரத்தைப் பாருங்கள். அதற்கு மேல் புதுச் சண்டையைத் தொடங்காதீர்கள். கதவுக்குப் பின்னால் ஓகர் என்ற ராட்சதன் இருப்பதாக எழுதி வைத்திருந்தாலும், இன்றைக்கு அது வெளியே போயிருக்கட்டும்.

"அப்படியானால் பரபரப்பு போய்விடுமே" என்பார்கள். போகாது. கத்தி கழுத்தில் இருக்கும்போது நிறுத்தாமல், கடிதத்தின் உறையைப் பிரித்து முதல் வரியைப் படித்ததும் நிறுத்துங்கள். அடுத்த வாரம் ஆவலோடுதான் வருவார்கள். ஆனால் யார் வந்தாலும் அந்தக் கடிதத்தை மேற்கொண்டு படிக்க முடியும்.

சில ஆட்டங்களில் இது விதியிலேயே இருக்கிறது. 2017-ல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற ஆட்டத்தில் ஒரு திருட்டு வேலை, அது முடிந்ததும் பதுங்குமிடத்துக்குத் திரும்பி ஓய்வும் பஞ்சாயத்தும் என்று சுழற்சியாகவே ஆட்டம் போகும். வேலை ஒரே செஷனில் முடிந்துவிட்டால் அடுத்த வேலைக்கு வேறு கூட்டணி போகலாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். உங்கள் ஆட்டம் எதுவானாலும் "ஒரு செஷன், ஒரு வேலை" என்று அதை வெட்டிக்கொள்ளலாம்.

பல வாரம் இழுக்கும் பெரிய டஞ்சன், அதாவது நிலவறைதான் இதில் கஷ்டம். குகை வாயிலில் ஒரு முகாம் போடுங்கள். வராதவர்கள் அங்கே கழுதைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளே ஆழம் போகப் போக, பூட்டக்கூடிய ஒரு அறை, வெளியே ஏறிப்போகும் ஒரு சுரங்க ஏணி, முகாமுக்குக் கொண்டுபோய் விடும் ஒரு மந்திர வட்டம் என்று இடையிடையே வாசல்களை வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள். தயாரிப்பில் பத்து நிமிட வேலை.

அறிகுறி 3: வராதவரின் பாத்திரத்தை யார் நடத்துவது என்று ஒவ்வொரு முறையும் வாக்குவாதம்

கேம் மாஸ்டர் நடத்தினால்? வேண்டாம். அவர் ஏற்கெனவே நான்கு ஓநாய்களையும் ஒரு சூனியக்காரியையும் நடத்திக்கொண்டிருக்கிறார். வராதவரின் கிளெரிக் நின்ற இடத்திலேயே மறந்துபோய்விடும், அல்லது கேம் மாஸ்டரின் ஊதுகுழல் ஆகிவிடும்.

இன்னொரு ஆட்டக்காரர் நடத்தினால்? சண்டைக்குப் பரவாயில்லை. ஆனால் அடுத்தவர் பையில் கை விடும்போது எல்லோருக்கும் தாராள மனசு வந்துவிடும். எங்கள் குழுவில் ஒருவர் ஏழு செஷனாகப் பொத்திப்பொத்தி வைத்திருந்த மந்திரச் சுருளை, அவர் இல்லாத நாளில் நண்பர் ஒரு பூட்டைத் திறக்கச் செலவழித்துவிட்டார். அதைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

மூன்றாவது வழி, பாத்திரம் மங்கிவிடுவது. கூடவே நடக்கிறது, ஆனால் அடி வாங்காது, அடிக்காது, பேசாது. எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்வது. கதை சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது இதுதான் என் வழி, ஒரு சின்ன மாற்றத்தோடு. ஒவ்வொரு ஆட்டக்காரரும் கேம்பெய்ன் தொடக்கத்தில் ஒரு அட்டை எழுதித் தருகிறார். எங்கள் கிளெரிக்கின் அட்டை இது:

"நான் வராத நாளில்: பின்னால் நின்று விளக்குப் பிடிப்பாள்.
ஒரே ஒரு உதவி: ஒரு செஷனில் ஒருமுறை, ஒருவரின் காயத்தை ஆற்றுவாள்.
தொடக்கூடாதது: அம்மா கொடுத்த வெள்ளிச் சங்கிலி, உயிர்ப்பிக்கும் வைரம்.
எந்த நிலையிலும் செய்யாதது: சரணடைந்தவரைக் கொல்ல விடமாட்டாள்."

நான்கு வரி போதும். அந்த ஒரே உதவியை வந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். வராதவரின் பாத்திரமும் அன்றைய கதையில் ஒரு நொடி தலைகாட்டிவிடும். திரும்பி வந்ததும் "நேத்து நீதான் காப்பாத்தின" என்று சொல்ல ஒன்று இருக்கிறதே.

சாவு விஷயத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். எங்கள் விதி: ஆள் இல்லாதபோது பாத்திரம் சாகாது. வந்தவர்கள் அத்தனை பேரும் தோற்றுச் சிறைப்பட்டால், வராதவர்கள் வெளியே தப்பியிருப்பார்கள். அடுத்த செஷனில் அவர்கள்தான் மீட்கப் போகிறார்கள்.

பாத்திரம் காணாமல் போவதற்குக் கதைக்குள் ஒரு காரணம் வேண்டும் என்று சிலர் விரும்புவார்கள். அப்படியானால் ஒவ்வொரு முறையும் காய்ச்சல், வயிற்றுவலி என்று புதிதாகத் தேடாமல், கேம்பெய்ன் முழுக்க ஒரே காரணம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை மணி ஒன்று வைத்தேன்: குழுவில் எல்லோரும் ஒரு ஆலயத்துக்கு வாக்குக் கொடுத்தவர்கள், அந்த மணியோசை யார் காதில் கேட்கிறதோ அவர் போய்விட வேண்டும். அழகாகத்தான் வேலை செய்தது. ஆனால் அந்த மணியை அடிப்பது யார் என்று என் குழு மூன்று செஷன் துப்பறிந்தது. நீங்கள் வைக்கும் காரணம் கொஞ்சம் சப்பென்று இருப்பதே நல்லது.

அறிகுறி 4: கதையின் சாவி வராதவரிடம் இருக்கிறது

அரச முத்திரை ரோக்கின் பையில். தீர்க்கதரிசனம் விசார்டுக்கு மட்டும் தெரியும். அவர் வரவில்லை, கதவு திறக்காது. பொருள் என்றால் எளிது: முக்கியமான சாமான்களுக்குக் குழுவுக்கென்று ஒரு பொதுப்பை என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தகவல் என்றால், கதை நகர்வதற்கு அவசியமான எந்த முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகள் வேண்டும், அவை வேறு வேறு கைகளில் இருக்க வேண்டும். ஒருவர் இல்லாத நாளில் இரண்டு மிச்சமிருக்கும்.

இதைவிடத் தொந்தரவு, இன்றைய செஷனே ஒருவருக்காக எழுதப்பட்டிருப்பது. புனித வீரனான பலாடினின் அண்ணன்தான் கொள்ளைத் தலைவன் என்று தெரியவரும் நாளில் பலாடின் வரவில்லை. அந்தக் காட்சியை அவர் இல்லாமல் ஆடவே ஆடாதீர்கள். அது அவருக்குச் சேரவேண்டியது. மாற்றாகக் கையில் எப்போதும் ஒரு சில்லறை வேலை வைத்திருங்கள்: ஒரே இடம், ஒரே தொல்லை, இரண்டரை மணி நேரத்தில் முடிவது. சுமை வண்டியிலிருந்து எதுவோ ஒவ்வொரு இரவும் ஒரு பெட்டியைத் திருடுகிறது என்பது போதும். ஒருமுறை எழுதி வைத்தால், தேவைப்படும் நாள்வரை அது கெடாது.

அறிகுறி 5: மூன்று பேர்தான் வந்தார்கள், எழுதி வைத்த சண்டை அவர்களைக் கொல்கிறது

எதிரிகளின் உயிர்ப்புள்ளியை (எவ்வளவு அடி தாங்குவார்கள் என்ற கணக்கு) குறைக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு சுற்றில் எந்தப் பக்கத்துக்கு அதிக அடிகள் என்பதுதான் பெரும்பாலான சண்டைகளைத் தீர்மானிக்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்ப்ளே ஆட்டத்தின் 2014 கேம் மாஸ்டர் கையேட்டில் சண்டைக் கடினத்தைக் கணக்கிடும் அட்டவணை மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழுவை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. மூன்றுக்குக் கீழே போனால் ஒரு படி கடினமாகவும், ஆறும் அதற்கு மேலும் என்றால் ஒரு படி எளிதாகவும் கணக்கிடச் சொல்கிறது. ஆக, மூன்று பேருக்குத் தனிச் சலுகை இல்லை. ஆனால் குழுவின் மொத்த பலம் குறைவதால் எதிரிகளும் குறைய வேண்டும்.

கணக்குப் பார்க்கப் பொறுமையில்லை என்றால் அலை அலையாக அனுப்புங்கள். ஐந்து பேருக்கு ஆறு கோப்ளின் எழுதியிருந்தால், மூன்று பேருக்கு மூன்று முதலில். நிலைமையைப் பார்த்து மற்றது பின்னால் வரும், அல்லது வராது. வராத ஆள் கிளெரிக் என்றால், முதல் அறையிலேயே இரண்டு குப்பி மருந்து கிடைக்கட்டும். எதிரிகளுக்குக் கொல்வதைத் தவிர வேறு நோக்கம் கொடுத்தால் இன்னும் நல்லது. திருடிக்கொண்டு ஓட நினைக்கும் கோப்ளினிடம் தோற்றாலும் யாரும் சாவதில்லை.

அறிகுறி 6: அடிக்கடி வராதவர் லெவலில் பின்தங்கிவிட்டார்

ஆடியவருக்குத்தானே எக்ஸ்பி (லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளி) என்பது பழைய வழக்கம், அந்தக் காலத்து ஆட்டத்தில் அதற்கு இடமும் இருந்தது. 1981-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்பில் போர்வீரனான ஃபைட்டருக்கு 2,000, 4,000, 8,000, 16,000, 32,000 என்று ஒவ்வொரு லெவலுக்கும் எக்ஸ்பி இரட்டிப்பாகும். ஐந்தாம் லெவல்காரர் ஆறாவதுக்குப் போக இன்னும் 16,000 வேண்டும். அவரோடு சமபங்கில் ஆடும் ஒரு புது ஃபைட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கினாலும், அதற்குள் ஐந்தாம் லெவலைத் தொட்டிருப்பார். இடைவெளி தானாக ஒரு லெவலாகச் சுருங்கிவிடும்.

அதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஐந்தாம் லெவல் ஒரு பெரிய படி. ஃபைட்டருக்கு இரண்டாவது அடி, விசார்டுக்கு ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரம் எல்லாம் அங்கேதான் வருகின்றன. நாலாம் லெவலில் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் அதைத் தாண்டினால், அவர் வந்தாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவருக்கு அடுத்த வாரம் வர மனசிருக்காது. அப்புறம் இன்னும் பின்தங்குவார். எக்ஸ்பியை வெட்டினால் ஒழுங்காக வருவார்கள் என்பது நடக்காத கதை. வேலையில் மாட்டிக்கொண்டவர் எக்ஸ்பி போய்விடுமே என்று எழுந்து ஓடி வரமாட்டார். எல்லோரும் ஒரே நாளில் லெவல் ஏறட்டும். வந்தவர்களுக்குச் சேரவேண்டியது வேறு இருக்கிறது: அந்தச் செஷனில் கிடைத்த பொன், அங்கே சம்பாதித்த நட்பு, பகை, பட்டப்பெயர். "பாலம் எரித்தவள்" என்று ஒரு கிராமமே கூப்பிடுவது எந்த எக்ஸ்பிக்கும் சமமில்லை.

அறிகுறி 7: திரும்பி வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை

செஷன் முடிந்த இரவே ஐந்து வரி எழுதி அனுப்புங்கள். மறுநாள் எழுதலாம் என்று வைத்தால் எழுதமாட்டீர்கள். எங்கே இருக்கிறோம், எதற்காக, யார் நமக்கு எதிரி, கையில் புதிதாக என்ன, அடுத்து என்ன செய்வதாக முடிவு. அவ்வளவுதான், வர்ணனை வேண்டாம். அடுத்த செஷனில் அதை வாய்விட்டுச் சொல்லும் வேலையை, போன தடவை வந்த ஒரு ஆட்டக்காரரிடம் விடுங்கள். தப்பும் தவறுமாகச் சொல்வார்கள், மற்றவர்கள் திருத்துவார்கள், அந்தச் சச்சரவிலேயே வராதவருக்குக் கதை ஏறிவிடும்.

அறிகுறி 8: எப்போதும் வராதவர் அதே ஆள்தான்

மேலே சொன்ன எந்த மருந்தும் இதற்கு வேலை செய்யாது. இது ஆட்டத்துக்குள் இல்லாத பிரச்சினை. அவருடைய பாத்திரத்துக்குச் சாபம் கொடுத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

"உன்மேல கோபம் இல்ல. இந்தக் கிழமை உனக்கு ஒத்துவரலயா, இல்ல இந்த ஆட்டமே பிடிக்கலயா? எதுவா இருந்தாலும் சொல்லு, அதுக்கேத்த மாதிரி பண்ணிக்கலாம்."

இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்பது முக்கியம். முதல் கேள்வியை மட்டும் கேட்டால் எல்லோரும் "ஆமாம், வேலை ஜாஸ்தி" என்றுதான் சொல்வார்கள். நேரம்தான் சிக்கல் என்றால் அவரை விருந்தாளி ஆட்டக்காரராக மாற்றிவிடலாம். முடிந்தபோது வருவார், ஒரு கூலிப்படை வீரனையோ பேசும் ஓநாயையோ ஆடுவார், மூன்று பேர் கணக்கில் அவர் கிடையாது. இப்படி மாறியபிறகு ஒருவர் முன்பைவிட அதிகம் வரத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டமே பிடிக்கவில்லை என்றால், நல்லபடியாக ஒரு வழியனுப்பும் காட்சி வைத்து விட்டுவிடுங்கள். நட்பு மேசைக்கு வெளியே இருந்ததுதானே.

அறிகுறி 9: இரண்டே பேர் வந்தார்கள், அல்லது கேம் மாஸ்டரே வரவில்லை

இரண்டு பேர் வந்தால் கேம்பெய்னை நகர்த்த வேண்டாம், பின்னால் போங்கள். அந்த இரண்டு பாத்திரங்களும் முதன்முதலில் எப்படிச் சந்தித்தார்கள்? அல்லது இருவரும் எதிரியின் ஆட்களாக மாறி, அடுத்த வாரம் குழு நுழையப்போகும் கோட்டையில் இரவுக் காவல் காக்கட்டும். அவர்கள் பூட்டிய கதவும் மறந்த ஜன்னலும் அப்படியே அடுத்த செஷனில் இருக்கும்.

கேம் மாஸ்டர் வராத நாளுக்கு, கேம் மாஸ்டரே தேவைப்படாத ஆட்டம் ஒன்று கைவசம் இருக்கட்டும். தி க்வயட் இயர் என்ற ஆட்டத்துக்கு ஒரு சீட்டுக்கட்டு, ஒரு காகிதம், சில பகடைகள், சில வில்லைகள் போதும். இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து ஒரு சமூகத்தின் ஒரு வருடத்தை, சீட்டுக்கு ஒரு வாரமாக, வரைபடத்தில் வரைந்துகொண்டே போவார்கள். உங்கள் கேம்பெய்ன் உலகத்தில் இருக்கும் ஒரு கிராமத்தையே வைத்து ஆடினால், கேம் மாஸ்டர் திரும்பி வரும்போது அவருக்கு ஒரு வரைபடமும் நாலைந்து வம்புகளும் இனாமாகக் கிடைக்கும். மைக்ரோஸ்கோப் என்ற ஆட்டமும் அப்படித்தான், ஒரு நாகரிகத்தின் வரலாற்றை முன்னும் பின்னுமாகத் தாவித் தாவி எல்லோரும் சேர்ந்து எழுதுவது.

அறிகுறி 10: எல்லாம் செய்தும் ஆள் சேரவில்லை

அப்போது கேம்பெய்னின் வடிவமே உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. அதே ஐந்து பேர், அதே நாள், ஒரே நீளக் கதை என்பது இந்த ஆட்டத்தோடு கூடப்பிறந்தது அல்ல. 1974-ல் வந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டியில், ஒரு கேம்பெய்னில் நான்கு முதல் ஐம்பது பேர் வரை ஆடலாம் என்றும், கிட்டத்தட்ட இருபது பேருக்கு ஒரு நடுவர் வேண்டும் என்றும் போட்டிருந்தது. ஐம்பது பேரும் ஒரே நாளில் உட்காரப் போவதில்லை. அன்று யார் வந்தார்களோ அவர்கள் நிலவறைக்குள் இறங்கினார்கள். 1979-ல் வந்த கையேட்டில், அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், ஆட்ட உலகத்தின் நாள்கணக்கைக் கறாராக எழுதி வைக்காமல் உருப்படியான கேம்பெய்ன் நடத்த முடியாது என்று முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்துச் சொன்னதன் பின்னணியும் இதுதான்: வேறு வேறு கூட்டம் வேறு வேறு நாளில் ஒரே உலகத்தில் நடமாடினால், யார் எந்தத் தேதியில் எங்கே இருந்தார்கள் என்பது குழம்பிவிடும்.

அந்தப் பழைய வடிவத்துக்குப் புது உயிர் கொடுத்தவர் பென் ராபின்ஸ். அவருடைய வெஸ்ட் மார்ச்சஸ் கேம்பெய்னில் பத்துப் பதினான்கு ஆட்டக்காரர்கள், நிரந்தர நாள் கிடையாது, நிரந்தரக் குழு கிடையாது, தொடர்கதையும் கிடையாது. ஆட்டக்காரர்களே கூடிப் பேசி, இன்ன நாள், இன்ன இடத்துக்குப் போகிறோம் என்று கேம் மாஸ்டருக்குச் சொல்ல வேண்டும். செஷன் முடியும்போது எல்லோரும் ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். நாள் குறிக்கும் தலைவலி மொத்தமும் கேம் மாஸ்டர் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது பாருங்கள்! ஆனால் எட்டுப் பேராவது இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். ஐந்து பேரோடு முயன்றேன், அதே ஐந்து பேர் அதே சனிக்கிழமைதான் வந்தார்கள், அல்லது வரவில்லை.

ஆள் குறைவு என்றால் எதிர்த்திசையில் போகலாம். 1987-ல் வந்த ஆர்ஸ் மேஜிகா என்ற ஆட்டத்தில் ஒரே ஆட்டக்காரருக்கு ஒரு மந்திரவாதி, ஒரு துணைவர், அவசரத்துக்குப் பொதுவான காவலாட்கள் என்று பல பாத்திரங்கள். கதை நடப்பது ஒரு மடத்தைச் சுற்றி. இன்று யார் மந்திரவாதியாகப் போகிறார், யார் காவலாளாகப் போகிறார் என்று வந்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். வராதவரின் மந்திரவாதி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார், அதற்கு யாரும் சாக்குத் தேட வேண்டியதில்லை.

அறிகுறி 11: நின்று மாதக்கணக்கு ஆகிவிட்டது

விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். எந்த மந்திரம் மிச்சம், எத்தனை உயிர்ப்புள்ளி என்று தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். கதைக்குள்ளும் காலத்தைத் தாண்டிவிடுங்கள், நிஜத்தில் எவ்வளவு போயிற்றோ அவ்வளவு. காயங்கள் ஆறிவிட்டன, எல்லோரும் ஒரு வாசலில் நிற்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இடைப்பட்ட காலத்தை அவர்களே நிரப்பட்டும்.

நாங்கள் அந்தக் கயிற்றுப் பாலத்திலிருந்து இப்படித்தான் இறங்கினோம். மூன்று மாதம் கழித்து நான்கு பேர் கூடினார்கள், ரோக்கை ஆடுகிறவரும் இருந்தார். "பாலம் போய்விட்டது. எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்கள். இப்போது குளிர்காலம்" என்று தொடங்கிவிட்டு, அவரிடம்தான் முதலில் கேட்டேன்: "கயிற்றை விட்டாயா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "விடல. ஆனா இப்ப எனக்கு இடது கையில ரெண்டு விரல் இல்ல."

கிளெரிக்கை ஆடுகிறவர் தன் அட்டையை எடுத்து, 'ஒரே ஒரு உதவி' என்ற வரிக்குப் பக்கத்தில் ரோக்கின் பெயரை எழுதினார்.